பத்தேகால் முதல் பதினொன்றே முக்கால் வரை

ஜூன் 9, திங்கள்

காலை 64%. மாலை 80%.

இந்த நோட்டு வண்டிக்காக வாங்கியது. மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து எத்தனை சதவீதத்தில் கிளம்பினேன், எத்தனையில் வந்து சேர்ந்தேன் என்று எழுதி வருகிறேன். "பிள்ளைக்கு ஜுரம் பாத்து எழுதுற மாதிரி எழுதுறீங்க" என்கிறாள் ரேணுகா. எழுத உட்கார்ந்தால் கூடவே நாலு வரி வந்துவிடுகிறது. வரட்டும், நோட்டு பெரியதுதான்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் இரண்டு கூட்டம் போட்டு, டீயும் பிஸ்கெட்டும் தின்று, கீழே சார்ஜர் வைக்க இடமில்லை என்று முடிவெடுத்துவிட்டது. ஆகவே எனக்கு ஆபீஸ்தான் கதி. ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். சார்ஜ் பாயின்ட் இரண்டு. அதில் ஒன்று பத்து நாளாகக் கெட்டுக் கிடக்கிறது. ஏழு பேர், ஒரு குழாய். சண்டை வராமல் இருப்பதற்குக் காரணம் நான்தான் என்று அடக்கமில்லாமல் எழுதிக்கொள்கிறேன். யாருக்கு எந்த நேரம் என்ற பட்டியலும் நான் போட்டது, சுவரில் ஒட்டியிருக்கும் ஐந்து விதிகளும் நான் எழுதியவை. பிளாஸ்டிக் உறை போட்டு நானே ஒட்டினேன். விதி இரண்டு: பிறர் வண்டியின் பிளக்கை அவரைக் கேட்காமல் கழற்றக் கூடாது. விதி மூன்று: யாராவது காத்திருந்தால் எண்பது சதவீதத்தோடு எடுத்துவிட வேண்டும்.

இதோடு எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. நாங்கள் யாரும் பிளக்கைப் பூட்டுவதில்லை. வண்டியின் அமைப்பில் அதைத் திறந்தே வைத்திருக்கிறோம். முடிந்ததும் அடுத்தவர் கழற்றிக்கொள்ள வசதி. சார்ஜ் ஆரம்பிக்கும் கார்டு கேட்டில் செக்யூரிட்டி கௌரம்மாவிடம் இருக்கும். அவர் வந்து தட்டி, வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார்.

ஜூன் 11, புதன்

காலை 58%. எனக்கு இன்று முறை இல்லை.

கொள்முதல் பிரிவு சேவியர் எண்பது தாண்டியும் இருபத்தைந்து நிமிடம் வண்டியை எடுக்கவில்லை. கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "ஒரு பதினஞ்சு நிமிஷம் சார்" என்று இழுத்தார். "உங்க பதினஞ்சு நிமிஷம் இன்னொருத்தருக்கு இருபது கிலோமீட்டர்" என்றேன். நல்ல வாக்கியம். எங்கள் ஏழு பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. குழுவிலும் போட்டேன்.

மதியம் ஆய்வகத்துச் சுகந்தி என் அறைக்கு வந்து, ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை காலை முழுக்கத் தனக்கு ஒதுக்கியதற்கு மறுபடி நன்றி சொன்னார். விவாகரத்து ஆகிவிட்டது. பெண் தாரிகா, எட்டு வயது, சேலத்தில் அப்பாவிடம் வளர்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சனிக்கிழமை நாலிலிருந்து ஆறு வரை, கோர்ட்டுக் குழந்தைகள் அறையில் அம்மா பார்க்கலாம். சனிக்கிழமை எங்களுக்குப் பன்னிரண்டரைக்கு விடுவார்கள். நூற்று அறுபது கிலோமீட்டர். சுகந்தி இருப்பது வாடகை வீடு, அங்கேயும் சார்ஜர் கிடையாது. "இந்த சனிக்கிழமைதான் சார். அவளுக்குப் பிறந்தநாள் வேற வந்துட்டுப் போச்சு" என்றார். "தைரியமா போயிட்டு வாங்கம்மா, பாயின்ட் உங்களுது" என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை 49%. மாலை 80%.

தொண்ணூற்றைந்து வரை விட்டிருக்கலாம். பின்னால் ஒருவர் காத்திருந்தார். விதி மூன்று. எடுத்துவிட்டேன்.

மாலையில் மைத்துனன் பாலகுரு போன். நாளை மதியம் எல்லோரும் ஏலகிரி போகிறோம், ஞாயிறு திரும்புகிறோம். போன பொங்கலுக்கு நான் இந்த வண்டியில் திருவண்ணாமலை போனபோது வழியில் சார்ஜ் போட ஒரு மணி நேரம் நின்றதை இன்னும் விடமாட்டேன் என்கிறான். "மாமா, எதுக்கும் ஒரு நீளமான ஒயர் எடுத்துக்கங்க. வழியில யார் வீட்டு ஜன்னல்லயாவது சொருகிக்கலாம்" என்றான். ரேணுகாவும் சிரித்தாள். போய்த் திரும்பும் வரை எங்கும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

சாயங்காலம் மார்க்கெட், ரேணுகாவின் தையல்காரர், பெட்ரோல் பங்க்கில் டயருக்குக் காற்று. 71%.

ஜூன் 14, சனி

97%. ஏலகிரி.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்தபோது 8%. எங்கும் நிற்கவில்லை. மலை ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டேன். பின்சீட்டில் எல்லோரும் வியர்த்து வழிந்தார்கள். பாலகுரு வாயைத் திறக்கவில்லை. இறங்கும்போது மட்டும் "பரவால்ல மாமா, வண்டி தாங்குது" என்றான். இந்த ஒரு வார்த்தைக்காக எவ்வளவு பாடு.

படகில் போகவில்லை, வரிசை நீளம். பலாப்பழம் வாங்கினோம்.

ஜூன் 16, திங்கள்

ஒன்பது மணிக்கு சுகந்தி என் மேஜை முன் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், சனிக்கிழமை என் வண்டிய யாராவது கழட்டினாங்களா?"

எட்டரைக்குப் போட்டிருக்கிறார். அப்போது 31%. பன்னிரண்டரைக்கு நூறாகியிருக்க வேண்டும். வந்து பார்த்தபோது பிளக் மாட்டியபடியே இருந்தது, வண்டியில் 62% காட்டியது. ஆய்வகத்துக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில்தான் வைக்க வேண்டும். சார்ஜ் நின்றுவிட்டது என்று வண்டி அனுப்பிய செய்தியைப் பன்னிரண்டரைக்குத்தான் பார்த்திருக்கிறார்.

காத்திருந்தால் நேரமாகும் என்று கிளம்பிவிட்டார். தர்மபுரி பக்கத்தில் நெடுஞ்சாலை சார்ஜரில் அரை மணி நேரம் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. அங்கே இருந்த இரண்டில் ஒன்று ஓடவில்லை. ஓடியதில் முன்னால் இரண்டு வண்டிகள்.

"டாக்சி புடிச்சிருக்கலாம் சார். இப்ப தோணுது. அப்ப, இதோ இந்த வண்டி எடுத்துருவாங்க, இதோ எடுத்துருவாங்கன்னே நின்னுட்டேன். முன்னாடி இருந்தவரக் கெஞ்சிக் கேட்டேன். எல்லாருக்கும்தான் அவசரம்னார். கோர்ட்டு, புள்ளைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரோ என்னவோ. ரோட்டுல முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட அதச் சொல்ல வாய் வரல."

சேலம் போய்ச் சேர்ந்தபோது ஆறேகால். அறையைப் பூட்டிவிட்டார்கள். குழந்தையை அப்பா அழைத்துப் போய்விட்டார்.

"விசாரிக்கிறேன்மா" என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் சார்ஜரின் பதிவை எடுத்துக் கொடுத்தார். 8.31 முதல் 10.14. பிறகு 10.16 முதல் 11.44. அதன்பின் ஒன்றுமில்லை. இடையில் வேறு வண்டி போட்டிருக்கிறார்கள் என்பது தெளிவு. பதிவேட்டில் சுகந்தியின் வண்டி மட்டும் இருக்கிறது. கேமரா கேட்டைப் பார்த்து இருக்கிறது, பாயின்ட் அதில் தெரியாது. கார்டு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே யார் என்று இயந்திரத்துக்கும் தெரியாது.

ஜி.எம். கூப்பிட்டார். "தணிகாசலம், அந்த ரூல்ஸ் எல்லாம் நீங்க போட்டதுதானே? நீங்களே விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் குடுத்துருங்க. அந்த செக்யூரிட்டி லேடியப் புடிங்க, அவங்களத் தாண்டி எதுவும் நடக்காது."

கௌரம்மாவை அறைக்கு அழைத்தேன். கதவு பக்கத்திலேயே நின்றார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"சனிக்கிழமை பத்தே காலுக்கு யார் வண்டி போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"ஞாபகம் இல்லீங்க சார்" என்றார்.

சரி, போங்கள் என்றேன். வேறு வேலை நிறைய இருந்தது.

ஜூன் 18, புதன்

எழுதிவிடுகிறேன். கழற்றியது நான்.

நான்கு நாளாக இதை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. பூட்டி வைக்கும் நோட்டு, வேறு யாரும் படிப்பதில்லை. அதிலேயே "வேறு வண்டி போட்டிருக்கிறார்கள்" என்று மூன்றாம் மனிதனைப் போல எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் கூசுகிறது.

பத்தேகாலுக்கு வண்டியைப் பக்கத்து இடத்தில் நிறுத்தினேன். சுகந்தியின் வண்டி பூட்டாமல் இருந்தது, எங்கள் வழக்கப்படி. கௌரம்மா கார்டை எடுத்து வந்து பதிவேட்டைத் திறந்தார். "எழுத வேணாம்மா, கொஞ்ச நேரம்தான்" என்றேன். அவர் மூடிவிட்டார். மேலதிகாரி சொன்னால் மூடத்தானே வேண்டும்.

மனதுக்குள் கணக்கு போட்டேன். ஒன்றரை மணி நேரம் நான் எடுத்துக்கொண்டு திருப்பி மாட்டினால் சுகந்திக்கு எழுபத்தைந்து கிடைக்கும். சேலத்துக்கு அது போதும். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இப்படித்தான் நினைத்தேன். கணக்கில் தப்பில்லை என்று இன்றுகூட ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசைப் பிடித்து அறைய வேண்டும் போல் இருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு மாற்றி மாட்டினேன். கார்டை மறுபடி தட்டினால்தான் சார்ஜ் ஏறும். கௌரம்மா கேட்டில் ஒரு லாரியைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாலகுரு போன் செய்து, "மாமா, கெளம்பியாச்சா?" என்றான். பேசிக்கொண்டே நடந்துவிட்டேன். விளக்கு பச்சையாக எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, நீலமாக எரிந்தால் சும்மா மாட்டியிருக்கிறது. நீலமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கௌரம்மா வந்தால் தட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

சுகந்தியைக் கேட்டிருக்கலாம். போன் லாக்கரில் இருந்தால் என்ன, ஆய்வகம் என் அறையிலிருந்து நூறு அடி. கேட்டால் முடியாது என்பார். அதனால்தான் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சார்ஜ் தடைபட்டிருக்கலாம். இனி பதிவேட்டைக் கவனமாகப் பராமரிக்கப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது." இரண்டு வாக்கியம் எழுத ஒரு நாள் ஆனது. யாரையும் குற்றம் சொல்லாத மாதிரி எழுதினேன் என்று நினைத்தேன்.

மாலை நாலு மணிக்குக் கேட்டில் புது ஆள். கௌரம்மாவை செக்யூரிட்டி ஏஜென்சி பாகலூர் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனிக்கு மாற்றிவிட்டது. "பதிவேடு சரியா எழுதலன்னு கம்ப்ளெயின்ட்டாம் சார்" என்றார் புது ஆள், என்னிடமே.

ஜூன் 21, சனி

வண்டியை எடுக்கவில்லை. எத்தனை சதவீதம் என்று பார்க்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

சுகந்தி ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வந்தார். எதற்கு என்றேன்.

பெண்ணின் அப்பா மனு போட்டிருக்கிறார். தாய் நேரத்துக்கு வருவதில்லை, குழந்தை காத்திருந்து ஏமாறுகிறது, ஆகவே சந்திப்பை மாதம் ஒருமுறை ஆக்க வேண்டும் என்று. மார்ச்சில் மழையில் ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதமானதையும் சேர்த்திருக்கிறார்கள். ஜூலை பத்தாம் தேதி வாய்தா.

நகலை நின்றபடியே படித்தார். படித்து முடித்து மடித்தார்.

"இதக் காட்டினா எனக்கு எதிராத்தான் சார் போகும். மெஷின் பத்து நாளா சரியில்லன்னு தெரியும்ல, பஸ்ஸுல போயிருக்க வேண்டியதுதானேம்பாங்க. எங்க வக்கீல் அதான் சொன்னாங்க. யாரோ கழட்டினாங்கன்னு தெரிஞ்சா வேற."

"யாருன்னு தெரியலையேம்மா."

இதை நான் சொன்னேன். வாயில் வந்துவிட்டது. அவர் "பரவால்ல சார், நீங்க உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். 

ஜூன் 24, செவ்வாய்

ஒரு குழந்தையின் பதினான்கு சனிக்கிழமைகள். மாதம் ஒருமுறை ஆனால் வருஷத்துக்கு அவ்வளவு குறையும்.

ஜூன் 25, புதன்

ரேணுகாவிடம் சொன்னேன். சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முழுவதும் சொன்னேன், நீல விளக்கு உட்பட.

"பாலா முன்னாடி கெத்துக் காட்டவா?"

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு ஏசிய அணைச்சு எங்க எல்லாரையும் வேக வெச்சீங்களே, அதுக்கே கோவமா இருந்தேன். இது தெரிஞ்சிருந்தா கிருஷ்ணகிரியிலயே எறங்கியிருப்பேன்." பிறகு, "எங்கிட்ட சொன்னா ஆச்சா? நானா தர்மபுரில நின்னேன்?" என்றாள்.

திரும்ப அடுப்பைப் பற்ற வைத்தாள். அழுத மாதிரி இருந்தது, கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

சுகந்தியை ஆய்வக வாசலில் வெளியே அழைத்துச் சொன்னேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் "கழட்டினது நான்தாம்மா" என்று மட்டும் வந்தது. பிறகு ஏலகிரியைச் சொன்னேன். மச்சானைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பம் என்பது எனக்கே தெரிந்தது. நடுவில் நிறுத்த முடியவில்லை.

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழம நான் வந்து கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே சார்."

"ஆமாம்மா."

"கௌரம்மாவ நான் திட்டிட்டேன் சார். கேட்டுல வெச்சு. நீங்க எழுதாம விட்டதால எம் புள்ள அழுதுச்சுன்னு சொல்லித் திட்டினேன். அவங்க தலையக் குனிஞ்சுட்டு நின்னாங்க."

உள்ளே போய்விட்டார். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜி.எம்.மிடம் போனேன். அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "யோவ், இதுக்கா பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க? பிளக் மேட்டர்!" ரிப்போர்ட்டை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டு சுகந்திக்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது. கோர்ட்டுக்கெல்லாம் கம்பெனி பெயர் போக வேண்டாம் என்றார். ஓய்வுக்கு ஏழெட்டு வருஷம் இருக்கிறது, எதற்கு உங்களுக்கு இது என்றார். அப்படியானால் கம்பெனித் தாளில் வேண்டாம், வெள்ளைத் தாளில் என் பெயரில் எழுதுகிறேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்று போனை எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு தண்டனையும் இல்லை. ஒரு மெமோ கொடுத்திருந்தால்கூட வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

வெள்ளைத் தாளில் எழுதினேன். தேதி, நேரம், வண்டி எண், பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னது, விளக்கு. முந்தைய ரிப்போர்ட் பொய் என்பது. தேவைப்பட்டால் நேரில் வந்து சொல்வேன் என்பது. சார்ஜர் பதிவையும் சேர்த்துக் கொடுத்தேன். சுகந்தி வாங்கிப் பையில் வைத்தார். நன்றி சொல்லவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மாலையில் குழுவிலும் போட்டேன். மற்ற ஆறு பேரும் படித்ததாகக் காட்டியது. சேவியர் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டார். எதற்கு என்று தெரியவில்லை. நான் அவரைக் கேன்டீனில் பேசிய பேச்சுக்கு அவர் எதைப் போட்டிருந்தாலும் தகும்.

ஜூன் 28, சனி

சுகந்தி இன்று பஸ்ஸில் சேலம் போனார். காலை ஒன்பதுக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நாலு மணிச் சந்திப்புக்கு ஒன்பது மணிக்கு. அவருடைய நேரத்தில் பாயின்ட் காலியாக இருந்தது. யாரும் போடவில்லை. நானும் போடவில்லை.

ஜூன் 30, திங்கள்

மதியம் விடுப்பு போட்டுவிட்டுப் பாகலூர் ரோடு போனேன். கிரானைட் கம்பெனி கேட்டில் கௌரம்மா. கல் அறுக்கும் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளி வந்து நின்றோம். தூசியில் புருவமெல்லாம் வெள்ளையாகியிருந்தது.

எல்லாம் சொல்லிவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டேன், ஏஜென்சியில் பேசிவிட்டேன், நாளைக்கே பழைய இடத்துக்கு வரலாம் என்றேன்.

"எதுக்குங்க சார் இவ்ளோ தூரம்" என்றார். பிறகு, "நீங்க சொல்லுவீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல. பெரியவரு, தானா சொல்லிக்குவாரு, நாம எதுக்கு நடுவுலன்னு. ரூம்புல கூப்ட்டு எங்கிட்டயே யாருன்னு கேட்டீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சிச்சு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா. திரும்ப வந்துடுங்க."

"இல்ல சார். ரெண்டு பஸ்ஸு மாறணும், தூசி, எல்லாம் சரிதான். ஆனா இங்க யாரும் எழுதாதேன்னு சொல்றதில்ல." லாரி ஒன்று வந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுகந்தி நேற்று இங்கே வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். அதையும் போகிற போக்கில் சொன்னார்.

ஜூலை 8, செவ்வாய்

என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், சாட்சியாக. சுகந்தி செய்தி அனுப்பியிருந்தார். "வியாழன் 11 மணி. முடிந்தால் வரவும்." என் வண்டியிலேயே போகலாமா என்று கேட்டேன். பஸ்ஸில் வந்துவிடுவதாகப் பதில்.

ஜூலை 10, வியாழன்

காலையில் 83%. நிற்காமல் போய்விடலாம். தர்மபுரி பக்கத்தில் அந்த சார்ஜரில் நின்றேன். கெட்டது இன்னும் கெட்டபடியே இருந்தது. மரமில்லை. ஒரு தகரக் கூரை, அதுவும் இயந்திரத்துக்கு மட்டும். பக்கத்தில் இளநீர் விற்கிறவரிடம், போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு அம்மா வெகுநேரம் நின்றார்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கேக் பெட்டி வெச்சிருந்தாங்களே, அவங்களா? கார் சூடாயிருக்கு, உள்ள வெச்சா உருகிரும்னு கைலயே வெச்சுட்டு என் கொடைக்குக் கீழ நின்னாங்க. உக்காருங்கம்மான்னு ஸ்டூலு குடுத்தேன். உக்காரவே இல்ல."

கேக் பற்றி சுகந்தி யாரிடமும் சொல்லவில்லை. இளநீருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோர்ட்டில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கடிதத்தை நீதிபதி படித்தார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் கழற்றினீர்கள் என்றார். அத்தனை பேர் முன்னால் ஏலகிரி என்று சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சந்திப்பு முன்பு போலவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொடரட்டும் என்று உத்தரவானது. பெண்ணின் அப்பா எதிர்த்துப் பேசவில்லை. வெளியே வந்ததும் வக்கீலிடம் ஏதோ பேசப் போய்விட்டார். இன்று பள்ளிக்கூடம் போகாமல் அவரோடு வந்திருந்த தாரிகா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கையெழுத்துக்காக சுகந்தி உள்ளே போக வேண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. "ரெண்டு நிமிஷம் இவளப் பாத்துக்கறீங்களா சார்?" என்றார். நான் உண்மையைச் சொன்னதிலிருந்து என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி.

பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கால் தரையைத் தொடவில்லை.

"அன்னிக்கு அம்மா கார்ல பிளக்க எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்மா. நான்தான். தப்பு பண்ணிட்டேன்."

அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எதையோ சொல்ல வாயெடுத்து, அம்மா போன கதவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து காதருகில் வந்தாள்.

"நான் அன்னிக்கு பாத்ரூமே போகல அங்கிள். வந்துச்சு. ஆனா போகல. நான் போற நேரம் பாத்து அம்மா வந்து, என்னக் காணோம்னு போயிட்டா?"

"ரெண்டு மணி நேரமாவா?"

"ம். ஆறு மணிக்கு அந்த ஆன்ட்டி ரூமப் பூட்டிட்டாங்க. அப்பா கார்ல ஏறினதும் டிரெஸ் நனைஞ்சிடுச்சு. பர்த்டே டிரெஸ்." என் முகத்தையே பார்த்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், அழுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். கையை நீட்டினாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

சுகந்தி வெளியே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றார்.

"சும்மா" என்றாள் தாரிகா.

அவர் என்னைப் பார்த்தார். "சும்மாதாம்மா" என்றேன் நானும்.